33ஆவது இடம்: ஹுன்கோஸ் அணி போனதும் திரும்பி வந்ததும்

மோட்டார் பந்தயம் எண்டாலே எங்களில் கனபேருக்கு ஃபோர்முலா வன்தான். அமெரிக்காவிலும் அதே சாயலில் கார்கள் ஓடுகின்றன. ஒற்றை இருக்கை, மூடாத சில்லுகள், முன்னும் பின்னும் இறக்கை. அந்தத் தொடருக்கு இப்போது இன்டிகார் என்று பெயர். அதைப் பற்றி எங்கள் பக்கம் பேச்சு வருவதே குறைவு. வந்தாலும், 2019இல் பெர்னாண்டோ அலொன்சோ இன்டியானாபொலிஸில் தகுதிபெறாமல் வீட்டுக்குப் போன கதையோடு முடிந்துவிடும். இரண்டு தடவை உலக சாம்பியன், மெக்லாரன் கார், அதுவே வெளியே போச்சு. சரி, யார் அவரை வெளியே தள்ளினது எண்டு கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

தள்ளின ஆக்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், தள்ளின பிறகு காசில்லாமல் காணாமல் போய், இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அவர்கள் திரும்பி வந்ததைப் பற்றி. முதல் கதையை உலகமே எழுதிவிட்டது. எங்களுக்கு இரண்டாவதுதான் பெரிய கதையாகப் படுகிறது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். இன்டியானாபொலிஸ் ஓடுபாதை 1909இல் கட்டப்பட்டது. ஒரு சுற்று இரண்டரை மைல். 1911 மே 30இல் முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது, ரே ஹரூன் வென்றார். வழக்கப்படி 33 கார்கள், வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசையில் நின்று தொடங்கும். 33ஐ விட அதிகமான கார்கள் வந்தால் வேகம் குறைந்தவை வெளியே. ஏற்கனவே இடம் பிடித்தவரை இன்னொருவர் கூடிய வேகத்தில் ஓடித் தள்ளிவிடலாம். இதை அவர்கள் ‘பம்ப்’ என்கிறார்கள், இடித்துத் தள்ளுவது. நான்கு சுற்று, பத்து மைல், அதன் சராசரி வேகம். அவ்வளவுதான் பரீட்சை. நீ யார், உன் அணி எத்தனை தடவை வென்றது, உன் காரில் எத்தனை விளம்பரம் ஒட்டியிருக்கு என்பதை மணிக்கூடு கேட்பதில்லை. 1993இல் முந்தைய வருடத் தொடர் சாம்பியன் பொபி ரேஹல் வெளியே போனார். 1995இல் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அதற்கு முந்தைய வருடம்தான் வென்றிருந்த பென்ஸ்கே அணியால் அல் அன்சர் ஜூனியரையோ எமர்சன் ஃபிட்டிபால்டியையோ உள்ளே கொண்டுபோக முடியவில்லை. பென்ஸ்கே எண்டால் அங்கே யானை.

ஆனால் கதவு எப்போதும் இப்படித் திறந்தே இருந்தது என்றும் சொல்ல ஏலாது. 1996இல் ஓடுபாதையின் சொந்தக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த டோனி ஜோர்ஜ், இருந்த தொடரோடு முரண்பட்டுத் தனியாக ஒரு தொடரைத் தொடங்கினார். இந்தியானாவின் சின்னச் சின்ன மண்தரைப் பந்தயங்களில் ஓடி வந்த பொடியங்களுக்கும் சிறிய அணிகளுக்கும் இடமில்லாமல் போகுது, செலவு எகிறிப்போச்சு, வெளிநாட்டுக்காரர் நிறைந்துவிட்டார்கள் என்பவை அவர் சொன்ன காரணங்கள். அதிகாரம் யார் கையில் இருப்பது என்ற சண்டையும் அதற்குள் இருந்தது. அந்த வருட 500இல் 33 இடங்களில் 25 புதிய தொடரில் ஓடிய அணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிச்சம் எட்டு மட்டுமே மற்றவர்களுக்கு. பெரிய அணிகள் கோபித்துக்கொண்டு அதே நாளில் மிச்சிகனில் வேறொரு 500 மைல் பந்தயம் நடத்தின. அது தொடங்கும்போதே கார்கள் ஒன்றோடொன்று மோதி நின்றதை இன்றைக்கும் சிரித்துச் சொல்கிறார்கள். இன்டியானாபொலிஸில் வென்றது ஹெமல்கார்ன் என்ற சிறிய அணியின் படி லேசியர்.

இந்த 25 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

பிளவு பன்னிரண்டு வருடம் நீடித்தது. பார்வையாளர் பிரிந்தார்கள், அனுசரணை பிரிந்தது. பெரிய அணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கனாஸி 2000இல் வந்தது, ஹுவான் பாப்லோ மொன்டோயா வென்றார். பென்ஸ்கே 2001இல் வந்தது, முதல் இரண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டது. காசு இருக்கிறவனுக்குத் திரும்பி வருவது என்பது ஒரு தீர்மானம் மட்டும்தான், வந்த அன்றைக்கே வெல்லலாம். சிறிய அணிக்கு அது வேறு சங்கதி. படி லேசியரையே எடுங்கள். 2013 முதல் 2017 வரை தன் குடும்பத்தின் பெயரில் ஒரு சிறு அணியோடு ஒவ்வொரு மே மாதமும் வந்தார். 1996இன் வெற்றியாளர் என்பதற்காக யாரும் சலுகை தரவில்லை. 2015இல் அவரும் தகுதிபெறவில்லை.

2008இல் இரண்டு தொடரும் ஒன்றாகின. 2012இல் எல்லாருக்கும் ஒரே காராக இத்தாலியின் தல்லாரா கொம்பனி செய்த புதிய சட்டகம் வந்தது. எஞ்சின் ஷெவ்ரொலே அல்லது ஹொண்டா, அதுவும் குத்தகைக்குத்தான். டயர் எல்லாருக்கும் ஃபயர்ஸ்டோன். அணிகள் சொந்தமாக மினுக்கக்கூடியது அதிர்வுதாங்கிகளும், காரை எப்படிப் பூட்டுகிறோம் எவ்வளவு நுணுக்கமாகப் பொருத்துகிறோம் என்பதும்தான். ஃபோர்முலா வன்னில் சிறிய அணி என்றாலே பல நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலை. இங்கே ஒரு சிறிய பட்டறையும் கொஞ்சம் கெட்டிக்கார மெக்கானிக்குகளும் இருந்தால் பென்ஸ்கேயின் அதே காரை நீங்களும் ஓட்டலாம். அதே வேகத்தில் ஓட்டுவீர்களா என்பது வேறு கேள்வி. டேல் கொய்ன் 1980களின் நடுவிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அணி, அதன் முதல் வெற்றி 2009இல்தான் வந்தது.

இனி ரிக்கார்டோ ஹுன்கோஸ். ஆர்ஜன்டீனாக்காரர், தன் நாட்டில் கோ-கார்ட்டும் சிறிய ஃபோர்முலா கார்களும் ஓட்டியவர். 2001 டிசம்பரில் ஆர்ஜன்டீனாவில் வங்கியில் போட்ட காசை எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. சனம் தெருவில் இறங்கிச் சட்டி பானையைத் தட்டியது. இரண்டு கிழமைக்குள் ஐந்து ஜனாதிபதிகள் மாறினார்கள். பெசோவின் பெறுமதி விழுந்தது. ஒரு நாடு வங்குரோத்து ஆவது எப்படியிருக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தச் சரிவில் பிழைப்பை இழந்த ஹுன்கோஸ், கையில் சில நூறு டொலரோடு மியாமியில் வந்து இறங்கினார். ஆங்கிலமும் பெரிதாகத் தெரியாது. கோ-கார்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் வேலை கிடைத்தது. பிறகு பணக்காரப் பிள்ளைகளின் கோ-கார்ட்டுகளைப் பொறுப்பெடுத்து ஓடவைக்கத் தொடங்கினார். அதுவே அணியானது.

அமெரிக்காவில் இன்டிகாருக்குக் கீழே படிகள் மாதிரிச் சிறிய தொடர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் சாம்பியனாகிறவருக்கு அடுத்த படிக்குப் போகக் காசு பரிசு. ஹுன்கோஸ் இந்தப் படிகளைப் பிடித்தார். 2010இல் ஸ்டார் மஸ்டா தொடரில் கொனர் டேலி என்ற பொடியன் அவருடைய அணிக்கு முதல் பட்டத்தை வாங்கித் தந்தான். இந்தப் பெயரையும் நினைவில் வைத்திருங்கள். 2015இல் ஸ்பென்சர் பிகொட், 2017இல் கைல் கைசர் என்று இன்டிகாருக்கு நேர் கீழேயுள்ள இன்டி லைட்ஸ் தொடரிலும் சாம்பியன்கள். இன்டியானாபொலிஸ் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே, ஸ்பீட்வே என்ற சிறு நகரில் சொந்தப் பட்டறை கட்டினார். 2017இல் முதல் தடவையாக 500இல் இரண்டு கார் இறக்கினார். 2018இல் கைசரின் பரிசுப் பணத்தையும் இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் கொண்டுவந்த காசையும் வைத்துச் சில பந்தயங்கள். இதைப் பகுதிநேர அணி என்பார்கள். காசு இருக்கிற கிழமை ஓடும், இல்லாத கிழமை பட்டறையில் நிற்கும்.

இப்போது 2019 மே. மெக்லாரனுக்கும் அது ஒரு திரும்பி வருதல்தான். 1974இலும் 1976இலும் ஜொனி ரதர்ஃபோர்ட் அவர்களுக்காக இன்டியானாபொலிஸில் வென்றிருந்தார், 1979க்குப் பிறகு போய்விட்டார்கள். 2017இல் அன்ட்ரெட்டி அணியின் உதவியோடு வந்த அலொன்சோ 27 சுற்றுகள் முன்னணியில் ஓடி, கடைசியில் எஞ்சின் புகைந்து நின்றார். 2019இல் தாங்களே நடத்துவோம் என்று வந்தார்கள். பிறகு அணித் தலைவர் ஸக் பிரவுனே ஒளிக்காமல் சொன்ன விபரங்களைப் படித்தால் நம்பவே கஷ்டம். சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது ஸ்டியரிங் தயாரில்லை. காருக்கு அடித்த செம்மஞ்சள் நிறம் பிழை எண்டு திரும்பப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தார்கள். அதனால் அலொன்சோ புதன்கிழமைப் பயிற்சியில் சுவரில் மோதியபோது மாற்றுக் கார் உடனே கையில் இல்லை. அங்குலத்தை மெட்ரிக் அளவுக்கு மாற்றியதிலும் பிழை விட்டார்கள். உலகப் பெயர் பெற்ற கொம்பனி, ஒரு பள்ளிக்கூடக் கணக்கில் தடுமாறியது.

ஹுன்கோஸ் பக்கம் இதைவிட மோசம், ஆனால் வேறு மாதிரி மோசம். பந்தயத்துக்குக் கிட்ட இரண்டு அனுசரணையாளர்கள் விலகினார்கள். 32ஆம் இலக்கக் கார் வெறும் வெள்ளையில் கொஞ்சம் பச்சையோடு, ஒட்ட விளம்பரம் இல்லாமல் நின்றது. வெள்ளிக்கிழமை, தகுதிச்சுற்றுக்கு முதல்நாள், கைசர் அதைச் சுவரில் அடித்தார். அது போச்சு. சாதாரண வளைவுச் சாலைப் பந்தயங்களுக்காகப் பூட்டியிருந்த இன்னொரு கார் மட்டும் கையில் இருந்தது. மெக்கானிக்குகள் நித்திரையில்லாமல் அதை அதிவேக ஓடுபாதைக்கு ஏற்றமாதிரி மாற்றினார்கள். சனிக்கிழமை முதல் 30 இடங்களும் நிரம்பின. ஞாயிறு, மே 19, மிச்சம் மூன்று இடத்துக்கு ஆறு பேர். மழையும் வந்து நேரத்தை இழுத்தது. ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான்.

சேஜ் கேரமும் ஜேம்ஸ் ஹிஞ்ச்கிளிஃபும் முதல் இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்தார்கள். அலொன்சோ 227.353 மைல் வேகத்தில் மூன்றாவதாக, அதாவது 33ஆவது இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக ஓட வந்தவர் கைசர். 227.372. வித்தியாசம் 0.019 மைல். நாங்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து மைல் ஓட்டத்தில் அது ஒரு செக்கனின் நூறில் ஒன்றும் சொச்சமும். அந்த வேகத்தில் தூரமாகப் பார்த்தால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பதினாறு கிலோமீட்டர் ஓடி, காரின் நீளத்தில் ஏறத்தாழ கால்வாசி.

இதை ‘தாவீது கோலியாத்து’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. எங்களுக்கு அந்தக் கதையில் முழுத் திருப்தி இல்லை, ஏனெண்டால் அது ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அடுத்த ஞாயிறு நடந்த பந்தயத்தில் கைசர் 71ஆவது சுற்றில் விபத்துக்குள்ளாகி 31ஆவது இடத்தில் முடித்தார். அதற்குப் பிறகு அவர் இன்டிகார் பந்தயம் எதிலும் ஓடவில்லை. அலொன்சோ 2020இல் திரும்ப வந்து ஓடினார், பிறகு ஃபோர்முலா வன்னுக்கும் போனார். மெக்லாரன் அடுத்த வருடமே ஏற்கனவே இருந்த ஒரு அணியோடு சேர்ந்து முழுநேரமாக உள்ளே வந்தது. அதே ஞாயிறு தகுதிபெறாமல் போன பட்டோ ஓ’வார்ட் அந்த அணியின் நட்சத்திரமானார். தோற்ற ஆக்கள் எல்லாருக்கும் வழி இருந்தது. வென்ற அணிக்குத்தான் அடுத்த பந்தயத்துக்குக் காசில்லை.

2019 மே முடிந்ததும் ஹுன்கோஸ் இன்டிகாரில் இல்லை. அதே வருடம் நெடுந்தூரப் பந்தயத் தொடர் ஒன்றிலும் கால் வைத்திருந்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 2020இல் கொவிட் வந்து இன்டி லைட்ஸ் தொடர் முழுதாக ரத்தானது. அந்தத் தொடர்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. ஓட்டுநரின் குடும்பமோ அவருடைய அனுசரணையாளரோ ஒரு பருவத்துக்குக் கட்டும் காசில் மெக்கானிக் சம்பளம், லொறி, வாடகை எல்லாம் ஓடும். பருவமே இல்லையெண்டால் என்ன செய்வது? பட்டறை இருக்கு, கார் இருக்கு, ஓட இடமில்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் சிறிய அணிகள் சத்தமில்லாமல் மூடுபடும். கார்களை விற்று, ஆக்களைப் பெரிய அணிகளுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு பழைய பெயர்ப்பலகை மிஞ்சும்.

2021 ஓகஸ்டில் செய்தி வந்தது. பிராட் ஹொலிஞ்சர் என்ற அமெரிக்கர் பங்காளியாகச் சேர்கிறார். மருத்துவமனைத் தொழிலில் உழைத்தவர், ஃபோர்முலா வன்னின் வில்லியம்ஸ் அணியில் முன்பு பங்கு வைத்திருந்தவர். அணியின் பெயர் ஹுன்கோஸ் ஹொலிஞ்சர் ஆனது. அடுத்த வருடம் முழுநேரமாக ஓடுவதற்கு ஒத்திகையாக, 2021இன் கடைசி மூன்று பந்தயங்களான போர்ட்லன்ட், லகூனா செக்கா, லோங் பீச் மூன்றிலும் ஒரு கார். ஓட்டுநர் கலம் ஐலொட், ஆங்கிலேயர், 2020இல் ஃபோர்முலா டூவில் மிக் ஷூமாக்கருக்கு அடுத்ததாக வந்தவர். ஃபோர்முலா வன்னில் இருக்கை கிடைக்காதவர். இருக்கை கிடைக்காத ஓட்டுநரும் காசில்லாமல் நின்ற அணியும்.

அந்த மூன்று பந்தயங்களிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் தேவையில்லை. திரும்பி வரும் சிறிய அணிக்கு முதல் பந்தயங்கள் பாடம் படிக்கத்தான். இரண்டு வருடத்துக்குள் ஓட்டுநரின் தலைக்கு முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி வந்துவிட்டது, காரின் எடைச் சமநிலையே மாறியிருந்தது. மற்ற அணிகள் இரண்டு வருடத் தரவுகளைச் சேர்த்து வைத்திருந்தன. இவர்களிடம் இருந்தது 2019இன் பழைய குறிப்புகள். பிறகு கார்லின் அணி இன்டிகாரை விட்டுப் போனபோது அதன் தளவாடங்களை வாங்கியதும் இவர்கள்தான். 2019இல் மெக்லாரனுக்கு ஒத்தாசை செய்த அதே கார்லின்.

2022 முழுநேரம், ஆனால் ஒரே கார். அது பெரிய குறை. இரண்டு மூன்று கார் ஓட்டும் அணி ஒரே பயிற்சிநேரத்தில் இரண்டு மூன்று விடயங்களைச் சோதித்துப் பார்க்கும், ஒற்றைக் கார் அணிக்கு ஊகம்தான். அந்த வருட 500இல் ஐலொட் மோதிக் கையில் முறிவு, அடுத்த பந்தயம் இல்லை. ஆனால் செப்டெம்பரில் லகூனா செக்காவில் தகுதிச்சுற்று முடிந்து பார்த்தால், தொடர் சாம்பியனாகப் போகிற வில் பவருக்குப் பக்கத்தில், முன்வரிசையில் 77ஆம் இலக்கக் கார் நிற்குது! பந்தயத்தில் இயந்திரக் கோளாறு வந்து முடிக்கவில்லை. பரவாயில்லை. 0.019 ஒரு தற்செயல் எண்டு நினைத்த ஆக்களுக்கு அதுதான் பதில் என்பது எங்கள் எண்ணம்.

அதே வருட முடிவில் ஹுன்கோஸ் இன்டிகார் ஒன்றை ஆர்ஜன்டீனாவுக்குக் கொண்டுபோனார். புவனஸ் அயர்ஸிலும் தெர்மஸ் தெ ரியோ ஒந்தோ ஓடுபாதையிலும் கண்காட்சி ஓட்டம். ஆர்ஜன்டீனாவுக்கு இந்தப் பந்தயம் புதிதில்லை. ராவுல் ரிகான்டி 1923, 1933, 1940 என மூன்று தடவை இன்டியானாபொலிஸில் ஓடியிருக்கிறார். 1971இல் ரஃபேலா என்ற ஊரில் அமெரிக்கத் தொடரின் பந்தயமே நடந்தது, அல் அன்சர் வென்றார். அதற்குப் பிறகு நீண்ட வெறுமை. கையில் காசில்லாமல் ஊரைவிட்டுப் போனவன் இருபது வருடம் கழித்து இன்டிகாரோடு வருகிறான் எண்டால் சனம் சும்மா இருக்குமா? ஓட்டியது அகுஸ்தீன் கனாபினோ, அந்த நாட்டுச் சாதாரண கார்ப் பந்தயங்களின் பெரிய நட்சத்திரம். 2023இல் அவரையே இரண்டாவது காரில் ஏற்றினார்கள். திறந்த சில்லுக் காரில் அனுபவமே இல்லாத மாதிரித்தான், ஆனாலும் முதல் பந்தயத்தில் 12ஆவது. அதே பந்தயத்தில் ஐலொட் 5ஆவது.

இங்கேதான் கதை கசக்கிறது. லோங் பீச்சில் ஐலொட் கனாபினோவுக்கு வழிவிடவில்லை எண்டு ஆர்ஜன்டீன ரசிகர்களில் ஒரு பகுதி சமூக வலைத்தளங்களில் ஐலொட்டை வசைபாடியது. சொந்த அணியின் ஓட்டுநரை! பருவக் கடைசியில் லகூனா செக்காவில் இருவரும் முட்டிக்கொண்டதும் திரும்பவும் அதே கூத்து. ஐலொட் அணியை விட்டுப் போனார். அணியை நிலைநிறுத்திய மனிதர் அவர். அவரைக் காப்பாற்றுவதில் அணி போதிய கடுமையைக் காட்டவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். 2023 ஒக்டோபரில் மெக்லாரனோடு ஒரு கூட்டணி அறிவித்திருந்தார்கள். ஆம், அதே மெக்லாரன். 2024 டெட்ரொய்ட் பந்தயத்தில் மெக்லாரனின் தியோ பூர்ஷேரும் கனாபினோவும் உரசிக்கொண்டார்கள், வசை மழை மூன்றாவது தடவை. மெக்லாரன் கூட்டணியை முறித்துக்கொண்டது. கனாபினோ முதலில் ஒரு பந்தயம் விலகி நின்றார், ஓகஸ்டில் முழுதாகவே பிரிந்தார். ஊர்ப்பாசம் கொண்டுவந்த காசையும் ஆரவாரத்தையும் அதே ஊர்ப்பாசமே எரித்துவிட்டது. ரசிகர் கூட்டம் எண்டு சொல்லிக்கொண்டு நாங்கள் செய்கிறவற்றையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பருவத்தின் மிச்சத்துக்கு 78ஆம் இலக்கக் காரில் யாரை ஏற்றினார்கள் தெரியுமா? கொனர் டேலி. 2010இன் அந்தப் பொடியன். இடையில் பல அணிகளுக்கு ஓடி, நிரந்தர இருக்கை இல்லாமல், கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய்வந்தவர். மில்வாக்கியில் பின்வரிசையிலிருந்து தொடங்கி மூன்றாவதாக வந்தார். அணியின் முதல் மேடை. அதைக் கோப்பைக்காக மட்டும் கொண்டாடவில்லை. தொடர் நிர்வாகம் புள்ளிப்பட்டியலில் முதல் 22 கார்களுக்கு அடுத்த பருவத்துக்கென ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் கொடுக்கும். 78ஆம் இலக்கக் கார் அந்த எல்லைக்கு வெளியே வழுக்கிக்கொண்டிருந்தது. மில்வாக்கிப் புள்ளிகள் அதை உள்ளே இழுத்தன. பென்ஸ்கேக்கு அந்தக் காசு சில்லறையாக இருக்கலாம். இவர்களுக்கு அது மெக்கானிக்குகளின் சம்பளம்.

அதே செப்டெம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. ஓடுபாதையும் தொடரும் 2020இல் ரொஜர் பென்ஸ்கேயின் சொத்தாகியிருந்தன. போட்டியில் ஓடுகிறவரே போட்டியின் சொந்தக்காரர். இது எப்படிச் சரிவரும் எண்டு கேட்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இனி இருக்கும் அணிகளுக்கு ‘சார்ட்டர்’ என்ற பெயரில் நிரந்தர இட உரிமம் என்று அறிவித்தார்கள். முழுநேரம் ஓடிவந்த பத்து அணிகளுக்கு 25 சார்ட்டர், ஓர் அணிக்கு ஆகக்கூடியது மூன்று. 500 தவிர்ந்த பந்தயங்களில் இந்த 25 கார்களுக்கும் இடம் உறுதி.

25! 1996இல் பெரிய அணிகளைத் தடுத்துச் சிறியவர்களை உள்ளே வைக்க ஒதுக்கிய அதே எண்ணிக்கை, இப்போது உள்ளே இருக்கிறவர்களைப் பாதுகாத்துப் புதியவர்களை வெளியே வைக்கிறது. ஹுன்கோஸ் ஹொலிஞ்சருக்கு இரண்டு சார்ட்டர் கிடைத்தது. 2021இல் அந்த ஒன்றுக்கும் உதவாத மூன்று பந்தயங்களுக்கு வராமல், இன்னும் சில வருடம் காசு சேரட்டும் எண்டு காத்திருந்திருந்தால் கிடைத்திருக்காது. கதவு சாத்தப்படுவதற்கு முன்னால் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அணியின் பெறுமதி காகிதத்தில் கூடியது, வங்கியில் காட்ட ஒரு சொத்து. நல்லதுதான். ஆனால் இனி மியாமியில் கோ-கார்ட் பழுதுபார்க்கும் இன்னொரு மெக்கானிக் மேலே வரவேண்டுமெண்டால், வேகமாக ஓடினால் போதாது, யாரிடமாவது சார்ட்டர் வாங்கவும் வேண்டும். அல்லது சார்ட்டர் இல்லாமல் மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்குப் போட்டிபோட வேண்டும், நிர்வாகம் தரும் அந்தப் பத்து இலட்சமும் இல்லாமல்.

500 மட்டும் விதிவிலக்கு. அங்கே சார்ட்டர் செல்லாது, பழையபடி மணிக்கூடுதான். 2025 மே மாதம் 34 கார்கள் வந்தன, ஒன்று வெளியே போகவேண்டும். இத்தாலியிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ப்ரெமா அணிக்கு சார்ட்டர் கிடையாது. அதன் ஒரு காரில் கலம் ஐலொட், மற்றதில் புதியவரான ரொபர்ட் ஷ்வார்ட்ஸ்மன். ஷ்வார்ட்ஸ்மன் எல்லாரையும் விட வேகமாக ஓடி முதலிடத்திலிருந்து தொடங்கும் உரிமையைப் பிடித்தார். 1983க்குப் பிறகு ஒரு புதியவர் அதைச் செய்தது அதுவே முதல் தடவை. வெளியே போனது டேல் கொய்ன் அணியின் ஜேக்கப் ஏபல். அவருடைய காருக்குச் சார்ட்டர் இருந்தது.